கடைப் பெயருக்குக் கூப்பர் பிளாக்: எங்கே போடலாம், எங்கே கூடாது

கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை, எந்த ஊர்க் கடைவீதியில் நடந்தாலும் ஆங்கிலப் பெயரைக் குண்டுகுண்டாக, முனையெல்லாம் உருட்டி எழுதிய ஒரு பலகையாவது கண்ணில் படும். டிகிரி காபிக் கடை, பேக்கரி, ஐஸ்கிரீம் பார்லர், குழந்தைகள் துணிக்கடை, இந்த மாதிரி இடங்களில்தான் அதிகம். அந்த எழுத்துருவின் பெயர் கூப்பர் பிளாக். பெயர்ப்பலகை, அரிசிச் சாக்கு, துணிப்பை, விலைப்பட்டியல் என்று நான் வேலை செய்யும் எல்லாவற்றிலும் இதைப் போட்டுப் பார்த்திருக்கிறேன், போடாதீர்கள் என்று சொல்லித் தடுத்தும் இருக்கிறேன். கடையின் பெயர் என்ற ஒற்றை வரிக்கு இதைவிடப் பொருத்தமான ஆங்கில எழுத்து நம் பக்கத்துக் கடைகளுக்கு எனக்குத் தெரிந்து வேறு இல்லை. அந்த ஒரு வரியைத் தாண்டினால் வேண்டவே வேண்டாம். ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் இது எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் விளம்பரங்களுக்குக் கையால் எழுத்து வரைந்துகொண்டிருந்தவர் ஆஸ்வால்ட் கூப்பர். அவர் வரைந்ததை பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் என்ற அச்செழுத்து வார்ப்பு நிறுவனம் 1922-ல் ஈய எழுத்தாக வெளியிட்டது. விளம்பரக்காரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள், பழமைவாதிகள் முகம் சுளித்தார்கள். கிட்டப்பார்வை உள்ள வாடிக்கையாளர்களை வைத்திருக்கும் தொலைநோக்குள்ள அச்சகக்காரர்களுக்கான எழுத்து என்று கூப்பரே இதைப் பற்றிச் சொன்னதாக எழுதி வைத்திருக்கிறார்கள். கடைக்காரர்களோடு பழகிய ஆள்தான் இப்படிச் சொல்ல முடியும். பிறகு 1960, 70-களில், தேய்த்து ஒட்டும் லெட்ராசெட் தாள்கள் வந்தபோது இசைத்தட்டு அட்டைகளிலும் கடைப் பலகைகளிலும் இரண்டாவது சுற்று வந்தது. 1995-ல் தொடங்கிய ஈஸிஜெட் விமான நிறுவனத்தின் ஆரஞ்சு நிறப் பெயரும் இதே எழுத்துதான். நூறு வருடம் தாண்டிய எழுத்து ஒன்று விமானத்தின் உடம்பிலும் டீக்கடை நெற்றியிலும் ஒரே சமயத்தில் இருப்பது சாதாரண விஷயமில்லை.

நம் ஊருக்கு இது வந்த வழி ரொம்ப நேரானது. மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸோடு கூப்பர் பிளாக் சேர்ந்தே வந்தது. பலகை வடிவமைக்கும் மென்பொருளான கோரல்டிராவோடு வந்த எழுத்துருத் தொகுப்பிலும் பிட்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் பதிப்பு இருந்தது. ஃபிளெக்ஸ் கடையில் உட்கார்ந்து வேலை செய்பவர் தேடிப் போய் வாங்க வேண்டிய அவசியமே இல்லை, பட்டியலைக் கீழே தள்ளினால் தானாக வந்து நிற்கும். கடைக்காரர் பின்னால் நின்றுகொண்டு "தம்பி, இன்னும் கொஞ்சம் எடுப்பா போடுங்க, ரோட்டுக்கு அந்தப் பக்கத்துல இருந்து தெரியணும்" என்பார். போட்டுக் காட்டினால் "ஆங், இதுதான்" என்று முடித்துவிடுவார். இப்படித்தான் பரவியிருக்கிறது. ஆனால் கைக்குக் கிடைத்தது என்பதால் மட்டும் இது நிலைக்கவில்லை. அதே பட்டியலில் இன்னும் எத்தனையோ குண்டு எழுத்துகள் இருந்தும் யாரும் சீண்டாமல் கிடக்கின்றன.

எழுத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் காரணம் புரியும். இது செரிஃப் வகை, அதாவது ஒவ்வொரு கோடும் முடியும் இடத்தில் சின்னதாக ஒரு பாதம் நீட்டிக்கொண்டிருக்கும். மற்ற செரிஃப் எழுத்துகளில் அந்தப் பாதம் கத்தி மாதிரி கூராகவோ சதுரமாகவோ வெட்டி நிற்கும். கூப்பர் பிளாக்கில் எங்கேயும் கூர் கிடையாது. முளைகட்ட ஊறப்போட்ட விதைநெல் உப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அப்படி ஒவ்வொரு பாதமும் உப்பி உருண்டிருக்கும். அடிக்கோடும் தட்டையாக இருக்காது, உள்ளங்கால் மாதிரி லேசாக வளைந்திருக்கும். பெரிய ஓ எழுத்தை எடுத்து உள்ளே இருக்கும் வெள்ளை இடத்தைப் பாருங்கள், நேராக நிற்காமல் பின்பக்கம் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வுதான் முழு எழுத்துருவுக்கும் ஓர் உயிரோட்டம் கொடுக்கிறது. சின்ன ஐ எழுத்தின் மேல்புள்ளியைக்கூட முழு வட்டமாக வைக்காமல் கொஞ்சம் நசுக்கிய வட்டமாக வைத்திருக்கிறார். தூரிகை பிடித்துப் பழகிய கை வரைந்தது என்பது இதிலெல்லாம் தெரிகிறது.

இன்னொரு முக்கியமான சங்கதி, சின்ன எழுத்துகளின் உடம்பு பெரிசு, மேலே நீளும் கொம்பும் கீழே இறங்கும் வாலும் குட்டை. ஜே, ஒய் போன்றவற்றின் வால் கீழே அதிகம் இறங்காது. கடைக்கு மேலே இரண்டடி உயரப் பலகைதான் கிடைக்கிறது, அதிலேயே தமிழ், ஆங்கிலம், கைபேசி எண் எல்லாம் வர வேண்டும் என்னும்போது இது பெரிய உபகாரம். குறுகின உயரத்தில் எழுத்தைப் பெரிதாக வைக்க முடிகிறது.

காபி என்பதை ஆங்கிலத்தில் இதில் அடித்துப் பாருங்கள். சி, ஓ, இரண்டு எஃப், இரண்டு ஈ, எல்லாமே இந்த எழுத்துருவின் பலத்தில் விழும் எழுத்துகள். உருண்டை உருண்டையாக வரிசை கட்டி நிற்கும், பார்த்தவுடனே சூடாக ஏதோ குடிக்கத் தோன்றும். ஆனால் நடுவில் அந்த இரண்டு எஃப் இருக்கிறதே, அங்கே கவனம் வேண்டும். முதல் எஃப்பின் வளைந்த தலை இரண்டாவதின் முதுகோடு இடிக்கிற மாதிரி வரும், அல்லது மென்பொருள் தானாக இடைவெளி விட்டு நடுவில் ஓட்டை தெரியும். கையால் நகர்த்தி, இரண்டும் தொட்டும் தொடாமலும் இருக்கிற இடத்தில் நிறுத்த வேண்டும். மற்ற எழுத்துகளையும் மென்பொருள் கொடுக்கும் இடைவெளியைவிடக் கொஞ்சம் நெருக்கி வைத்தால்தான் இந்த எழுத்துரு அழகு. தளர்த்தி வைத்தால் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நின்று பெயர் ஒரே வடிவமாகச் சேராமல் போய்விடும். பத்து எழுத்துப் பெயருக்கு இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது, ஆனால் நம் ஊர்ப் பலகைகளில் பாதியில் இது செய்யப்படவே இல்லை என்பதுதான் வருத்தம்.

அதே மாதிரி, எல்லாமே கேபிட்டலில் போடும் வழக்கத்தை விடுங்கள். கும்பகோணம் என்று முழுக்கக் கேபிட்டலில் அடித்தால் கே, எம், ஏ, என் எல்லாம் பாதங்களை விரித்துக்கொண்டு பக்கத்துப் பக்கத்தில் நின்று சுவர் கட்டிய மாதிரி ஆகிவிடும். முதல் எழுத்து மட்டும் கேபிட்டல், மற்றவை சின்ன எழுத்து என்று வைத்தால் அதே பெயர் கலகலப்பாகிவிடுகிறது. இந்த எழுத்துருவின் அழகு முழுவதும் சின்ன எழுத்துகளில்தான் இருக்கிறது.

சரி, செய்பொருளுக்கு வருவோம். எழுத்துரு திரையில் அழகாக இருந்து பலகையில் சொதப்புவதுதான் நம் தொழிலில் அடிக்கடி நடப்பது, அதனால் இதைத்தான் நான் முக்கியமாகப் பார்ப்பேன்.

ஃபிளெக்ஸ் அச்சில் கூப்பர் பிளாக் அநேகமாகத் தோற்பதே இல்லை. பெரிய பேனர்களைக் குறைந்த தெளிவில்தான் அச்சடிப்பார்கள், விளிம்பு கொஞ்சம் கலங்கித்தான் வரும். கூர்முனை உள்ள எழுத்துகளில் அந்தக் கலங்கல் உடனே தெரியும். இதில் விளிம்பே உருண்டது என்பதால் கலங்கினாலும் வடிவம் கெடாது. இரண்டு கோடை வெயிலில் நிறம் வெளுத்த பிறகும் பெயர் படிக்க முடியும். மெல்லிய கோடு உள்ள எழுத்துகளில் முதலில் போவது அந்த மெல்லிய கோடுதான், அது போனால் ஹெச் இரண்டு கம்பமாக நிற்கும், என் எது, யு எது என்று தெரியாது.

இப்போது ஏ.சி.பி. எனப்படும் அலுமினியக் கலப்புத் தகட்டின் மேல் அக்ரிலிக் எழுத்து வெட்டி ஒட்டுவதுதான் அதிகம் ஓடுகிறது. கணினி சொல்படி வெட்டும் சி.என்.சி. ரவுட்டர் இயந்திரத்தில், சுழன்று வெட்டும் முனையான பிட் உருண்டையானது. 3 மில்லிமீட்டர் பிட் என்றால் உட்பக்க மூலை ஒவ்வொன்றும் குறைந்தது 1.5 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைந்துதான் வரும், கூர் மூலை வெட்டவே முடியாது. கூரான செரிஃப் எழுத்தைக் கொடுத்தால் பாதமும் தண்டும் சேரும் இடமெல்லாம் மழுங்கி, வரைந்தது ஒன்று வெட்டியது ஒன்று என்று வரும். கூப்பர் பிளாக்கில் அந்த மூலைகள் ஏற்கெனவே வளைந்தே இருப்பதால் திரையில் பார்த்ததுதான் கையில் வரும். எழுத்து உடையும் பிரச்சினையும் இல்லை. ஏணியில் ஏறி ஒட்டுபவர் கையிலிருந்து நழுவினாலும் மெல்லிய பாதம் ஒடிந்துபோகும் கவலை கிடையாது.

உள்ளே விளக்கு வைத்த எழுத்து என்றால் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எழுத்தின் உடம்பு தடிமனாக இருப்பதால் எல்.இ.டி. துண்டுகளை வரிசையாகப் பொருத்த இடம் தாராளம், ஓரத்துத் தகட்டை வளைப்பவருக்கும் வளைவுகள் மென்மையாக இருப்பதால் வேலை சுலபம். ஆனால் சின்ன ஈ எழுத்தின் கண் இருக்கிறதே, மேல்பாதியில் ஒரு கீற்று மாதிரி இருக்கும் அந்த வெள்ளை இடம், அது இந்த எழுத்துருவில் மிகவும் குறுகல். சின்ன ஏ-யின் வயிறும் அப்படித்தான். எழுத்து ஓரடிக்குக் குறைவாக இருந்தால் இரவில் வெளிச்சம் பரவி அந்தக் கண் மூடிக்கொள்ளும், ஈ எழுத்து ஒளிரும் உருண்டையாகத் தெரியும். அப்படிப்பட்ட இடங்களில் கண்ணைக் கொஞ்சம் திறந்துவிட்டு, அதாவது எழுத்தை விளிம்புக் கோடுகளாலான கோட்டு வடிவமாக மாற்றி உள்வெள்ளையைப் பெரிதாக்கித்தான் வெட்டக் கொடுக்க வேண்டும். எழுத்துருவைத் தொடுவது பாவம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. பலகை வெளிச்சத்தில் படிக்க முடியாமல் போவதுதான் எனக்குப் பெரிய குற்றமாகத் தெரிகிறது.

இந்த எழுத்து நம் டெல்டாவுக்கென்றே செய்தது போலப் பொருந்தும் இடம் ஒன்று இருக்கிறது, அரிசிச் சாக்கு. பிளாஸ்டிக் இழையில் நெய்த சாக்கின் மேல் ரப்பர் பிளாக்கில் அச்சடிக்கும்போது இழை ஒவ்வொன்றும் மேடு பள்ளமாக இருப்பதால் மை முழுதாக உட்காராது. மெல்லிய கோடுகள் புள்ளி புள்ளியாக உடைந்துவிடும். கூப்பர் பிளாக் மாதிரி தடித்த உருண்டை எழுத்தில் நாலு புள்ளி விட்டுப்போனாலும் கண்ணுக்குத் தெரியாது. மண்டியில் 26 கிலோ சாக்குகளை ஆளுயரத்துக்கு அடுக்கி வைத்திருக்கும்போது ஓரத்துச் சாக்கில் பெயர் பாதி மடிந்து மறைந்திருக்கும், மீதிப் பாதியை வைத்தே எந்த ஆலை அரிசி என்று சொல்லிவிடலாம். எழுத்தின் வடிவமே அடையாளமாக நிற்பது என்றால் இதுதான்.

துணிப்பையும் இதே கதைதான். 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு "மீண்டும் மஞ்சப்பை" என்ற இயக்கத்தைத் தொடங்கி வைத்த பிறகு துணிப்பை அச்சு வேலைகள் நிறையவே வருகின்றன. முரட்டுத் துணியில் ஸ்கிரீன் பிரிண்ட் போட்டால் மை இழை வழியாகப் பக்கவாட்டில் ஊறும். பெரிதாகப் போட்ட பெயர் அந்த ஊறலில் இன்னும் கொஞ்சம் குண்டாகி அழகாகத்தான் வருகிறது. கீழே முகவரியையும் அதே எழுத்தில் சின்னதாகப் போடச் சொல்வார்கள், அங்கேதான் நான் சண்டை போடுவேன். விரல் நகத்தைவிடச் சின்ன உயரத்தில் கூப்பர் பிளாக் மையில் மூழ்கிவிடும், ஈ, ஏ, எஸ் எல்லாம் ஒரே மாதிரி கரும்பொட்டு. தெருப் பெயர் படிக்க முடியாத பை எதற்கு? முகவரிக்குப் பாதமில்லாத சாதாரண எழுத்து ஒன்றைப் போடுங்கள். கூப்பர் வடிவத்தின் மெலிந்த வகைகளும் சில தொகுப்புகளில் உண்டு, ஆனால் மெலிந்தால் அதன் முகமே மாறிவிடுகிறது, எனக்கு ஒட்டவில்லை.

தரங்கம்பாடி நமக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது. 1706-ல் அங்கே வந்து இறங்கிய கிறிஸ்தவ மறைப்பணியாளர் சீகன்பால்குவுக்காக ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் தமிழ் எழுத்து வார்த்து அனுப்பினார்கள். அந்த எழுத்துகள் அளவில் பெரியவை, புத்தகம் அடித்தால் காகிதம் கட்டுப்படியாகவில்லை. அதனால் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்து வார்த்துக்கொண்டார்கள். 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சானது இந்த வேலைகளின் நடுவில்தான். பெரிசுக்கு ஒன்று, சிறிசுக்கு ஒன்று என்று தனித்தனியாக எழுத்து வேண்டும் என்ற தெளிவு, முந்நூறு வருடத்துக்கு முன்பே நம் மண்ணில் ஈயத்தை உருக்கி ஊற்றிய ஆட்களுக்கு இருந்திருக்கிறது. இன்றைக்கு ஒரே எழுத்தைச் சுட்டியால் இழுத்து நாலு அளவில் போட்டுவிடுகிறோம்.

குணம் என்று பார்த்தால் இது சிரிக்கிற எழுத்து. வாங்க, உட்காருங்க என்று கூப்பிடும். தின்பண்டம், விளையாட்டுப் பொருள், காபி, பழச்சாறு, பிறந்தநாள் பேனர் எல்லாவற்றுக்கும் சரி. பழைய கடை என்ற தோற்றமும் கொடுக்கும், நேற்றுத் திறந்த கடைக்குக்கூட அப்பா காலத்தில் இருந்து நடக்கிற மாதிரி ஒரு தோரணை வந்துவிடும். பித்தளை டவரா டம்ளர் படத்தோடு போடும் காபிக் கடைகளுக்கு இது இவ்வளவு ஒட்டிக்கொள்வது அதனால்தான்.

ஆனால் சிரிக்கக் கூடாத இடங்கள் இருக்கின்றனவே. கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸில் தமிழில் பெயர் போட்டு, பிறந்த தேதியும் மறைந்த தேதியும் கூப்பர் பிளாக்கில் கொழுகொழுவென்று வைத்திருப்பதைப் பார்க்கும்போது மனசு என்னவோ செய்கிறது. துக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்கு எழுத்துரு பற்றி யோசிக்க நேரம் இருக்காது, வடிவமைப்பவர்தான் அவர்களுக்காக யோசிக்க வேண்டும். எட்டும் ஆறும் ஒன்பதும் இந்த எழுத்துருவில் அவ்வளவு உற்சாகமாக இருக்கும், அந்த உற்சாகம் அந்தப் படத்துக்குக் கீழே வரக்கூடாது. மருத்துவமனை, வக்கீல் அலுவலகம், தணிக்கையாளர் பலகை, இவற்றுக்கும் வேண்டாம். திருவையாற்று ஆராதனை போன்ற கச்சேரி அழைப்பிதழ்களுக்கும் ஒட்டாது, அங்கே நிதானமான, மெல்லிய பாதமுள்ள எழுத்துதான் அழகு. கல்யாணப் பத்திரிகைக்குக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். சங்கீத், மெஹந்தி மாதிரி விளையாட்டான அட்டைக்குப் போடலாம். முகூர்த்தப் பத்திரிகைக்குப் போட்டால் பெரியவர்களுக்குப் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது.

இனி கஷ்டமான பகுதி, பக்கத்தில் வரும் தமிழ். நம் மாநிலத்தில் பெயர்ப்பலகை என்றால் தமிழ்தான் முதலில், பெரிதாக வர வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி மூன்றும் 5:3:2 என்ற விகிதத்தில் என்பது விதி. விதி இருக்கட்டும், நியாயமும் அதுதான், வாசலில் வந்து நிற்பவர் படிப்பது தமிழைத்தானே. ஆனால் கூப்பர் பிளாக்குக்குத் தமிழ் எழுத்துகள் கிடையாது. அதனால் என்ன நடக்கிறது என்றால், ஆங்கிலத்தை அழகாக வைத்துவிட்டு, தமிழுக்கு அரதப் பழசான பாமினி எழுத்தை எடுத்து, அகலவாட்டில் இழுத்து, சுற்றிலும் தடித்த கோடு போட்டுக் குண்டாக்கிவிடுகிறார்கள். இப்படிச் செய்தால் ண எழுத்தின் சுழிகள் அடைத்துப்போகும், ஞ, இ, ழ எல்லாம் உள்ளே கருத்துவிடும், புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொண்டு ம் எது ம எது என்றே தெரியாது. ஆங்கிலத்துக்குக் காட்டிய அக்கறையில் பாதியைக் காட்டினால்கூட இது நடக்காது.

இலவசமாகக் கிடைப்பதிலேயே நல்ல வழி இருக்கிறது. கூகுள் ஃபாண்ட்ஸில் பாலூ தம்பி 2 என்று ஒன்று உண்டு, மும்பையில் இருக்கும் ஏக் டைப் குழுவினர் செய்தது. பாதம் இல்லாத எழுத்துதான், ஆனால் தடித்தது, முனைகள் மென்மையாக முடியும். தடிமனான வகையை எடுத்துக் கூப்பர் பிளாக்குக்கு மேல் வைத்துப் பாருங்கள், அண்ணன் தம்பி மாதிரி இல்லாவிட்டாலும் பங்காளி என்று சொல்லலாம். ண எழுத்தின் சுழிகள் அந்தத் தடிமனிலும் திறந்தே இருப்பதுதான் எனக்கு அதில் ரொம்பப் பிடித்த விஷயம். காயினி என்ற இன்னொன்றும் உண்டு, அது இன்னும் உருண்டை. ஐஸ்கிரீம் கடைக்குச் சரி, காபிக் கடைக்கு விளையாட்டு அதிகம். நோட்டோ செரிஃப் தமிழின் மிகத் தடித்த வகை பெயரளவில் செரிஃப் என்பதால் பொருந்தும் என்று தோன்றும். வைத்துப் பார்த்தால் அது விறைப்பாக நிற்கிறது, கூப்பரின் மென்மையோடு சேரவில்லை.

எந்தத் தமிழ் எழுத்தை எடுத்தாலும் அளவைக் கண்ணால் பொருத்துங்கள், மென்பொருள் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். ஒரே எண்ணில் வைத்தால் தமிழ் பெரும்பாலும் சிறியதாகத்தான் தெரியும். ப எழுத்தின் உயரம் ஆங்கிலக் கேபிட்டல் உயரத்தைத் தாண்டும்வரை பெரிதாக்கிவிட்டு அப்புறம் மற்றதைப் பாருங்கள். மேலே புள்ளிக்கும் கி, கீ கொம்புகளுக்கும், கீழே கு, மு சுழிகளுக்கும் இடம் விடுங்கள். கும்பகோணம் என்ற ஒரே பெயரிலேயே கீழே இறங்கும் கு, மேலே புள்ளியோடு இரண்டு ம், இருபுறமும் நீளும் கோ, மூன்று சுழி ண எல்லாம் வந்துவிடுகின்றன. அந்தப் பெயரை ஒழுங்காகப் பலகையில் ஏற்றத் தெரிந்தவருக்கு மற்ற ஊர்ப்பெயர் எதுவும் கஷ்டமில்லை.

பழைய கோரல்டிராவில் யூனிகோட் தமிழை, அதாவது கைபேசியிலும் இணையத்திலும் அடிக்கும் தமிழை, ஒட்டினால் கொம்பு இடம் மாறி வருகிறது என்பதால்தான் இன்னும் பல கடைகளில் பாமினியை விடாமல் வைத்திருக்கிறார்கள். இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் தமிழ் சரியாக வரும். அதில் பெயரை அடித்து, கோட்டு வடிவமாக மாற்றி, எஸ்.வி.ஜி. கோப்பாகச் சேமித்துக் கோரலில் திறந்தால் வேலை முடிந்தது.

பணமும் மனமும் இருக்கிற கடைக்காரர்களுக்கு நான் சொல்வது வேறு. தமிழ்ப் பெயரைக் கையால் வரையச் சொல்லுங்கள். சுவரில் எழுதிப் பழகிய ஓவியர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள், ஃபிளெக்ஸ் வந்த பிறகு வேலை குறைந்துபோனவர்கள். கூப்பர் பிளாக்கின் அச்சுத்தாள் ஒன்றைக் கையில் கொடுத்து, "அண்ணே, இந்த உருட்டலும் இந்தப் பாதமும் தமிழ்ல வரணும்" என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். கூப்பரே அப்படி விளம்பரத்துக்குக் கையால் எழுதியவர்தானே. அப்படி ஒருவர் வரைந்து கொடுத்த காபி என்ற சொல்லில் கா-வின் கால் கீழே உப்பி முடிந்த விதத்தையும், பி-யின் கொம்பு வளைந்து வந்து பக்கத்து ஆங்கில எஃப்பின் தலையோடு ஒரே சாய்வில் நின்றதையும் பார்த்து நான் அசந்துபோனேன். எந்த எழுத்துருவிலும் அது கிடைக்காது. அந்தத் தாளை வருடி எடுத்துக் கோடாக மாற்றி ரவுட்டரில் வெட்டினால் உள்ளூர்க் கை வரைந்த பெயர் அப்படியே அக்ரிலிக்கில் நிற்கும்.

மாற்று எழுத்துருக்கள் பற்றிக் கேட்பீர்கள். ஏப்ரில் ஃபேட்ஃபேஸ் திரையில் மிக அழகு, தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். பட்டுப்புடவைக் கடை, நகைக்கடையின் வலைத்தளத்துக்கோ வழவழப்பான தாளில் அச்சடிக்கும் அட்டைக்கோ போடலாம். திருபுவனம் பட்டு மாதிரி சரிகை மினுங்கும் பொருளுக்கு அது பேசும். பலகையில் வேண்டாம், மெல்லிய கோடு நிற்காது. கௌடி ஹெவிஃபேஸ், கூப்பர் பிளாக்குக்குப் போட்டியாக 1925-ல் வந்தது, கூப்பருக்கு ஆசிரியராக இருந்த ஃபிரெடரிக் கௌடி வரைந்தது. நல்ல எழுத்துதான், ஆனால் அந்த அன்னியோன்யம் இல்லை.

கூப்பரின் குணம் வேண்டும், ஆனால் எல்லாரும் போட்டதையே போட வேண்டாம் என்பவர்களுக்கு ஃபிரான்சஸ். கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசம், திறந்த உரிமம், கூப்பர் வரிசையையும் வின்ட்ஸர், சுவெனீர் போன்ற பழைய எழுத்துகளையும் பார்த்து உருவாக்கியது. தடிமன், மென்மை எல்லாவற்றையும் நாமே நகர்த்திக்கொள்ளும் வகை எழுத்துரு இது. கோரல்டிரா 2020-க்குப் பிறகு வந்த பதிப்புகளில் நேராகவே வேலை செய்யும். தடிமனை 900-க்கு, மென்மையை 100-க்குக் கொண்டுபோனால் கூப்பரின் உறவுமுறை தெரிய ஆரம்பிக்கும். கூடவே எழுத்தின் அளவுக்கென்று நகர்த்திக்கொள்ள இன்னோர் எண் இருக்கிறது, 9-லிருந்து 144 வரை. பெரிய எழுத்துதானே என்று அதை 144-ல் வைத்துவிடாதீர்கள், அங்கே மெல்லிய கோடுகள் ரொம்பவே மெலிந்துவிடும். பலகைக்கு வெட்டுவதானால் கீழே இறக்குங்கள், கோடுகள் தடிக்கும், ரவுட்டர் தாங்கும்.

கடைசியாக விலைப்பலகை போடுகிறவர்களுக்கு ஒன்று. கூப்பர் பிளாக்கின் எண்கள் அருமையானவை, தூரத்திலிருந்து 3-க்கும் 8-க்கும் குழப்பம் வராத அளவில் வைத்தால் ஹோட்டல் விலைப்பட்டியலில் ஜொலிக்கும். ஆனால் ரூபாய்க் குறி 2010-ல் வந்தது, என்னிடம் இருக்கும் பழைய பதிப்பில் அது இல்லை. அடித்தால் மென்பொருள் வேறு ஏதோ ஒரு எழுத்துருவிலிருந்து ஒல்லியான குறியைக் கொண்டுவந்து முன்னால் ஒட்டிவிடும். பெரிய ஆர் எழுத்தை எடுத்து, முதுகுத் தண்டை நீக்கி, மேலே இரண்டு கோடு சேர்த்து, அந்தக் கோடுகளின் முனைகளையும் உருட்டி ஒரு முறை வரைந்து வைத்துக்கொண்டால் போதும், எல்லாப் பலகைக்கும் உதவும். அதைச் செய்ய நேரமில்லையென்றால் ரூ. என்று தமிழிலேயே போடுங்கள், பாலூ தம்பியில் ரூ நன்றாகவே இருக்கிறது.